துண்டு போட்ட இடம்

கொரோனா அடங்கி, ஜனங்கள் மாஸ்க்கைத் தாடைக்குக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டு டீ குடிக்க ஆரம்பித்திருந்த காலம். அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குத் தூண் நட்டிருந்தார்கள். தூணுக்கு மேலே பாலம் இன்னும் வரவில்லை. பீளமேட்டில் என் மகள் வீட்டுக் குளியலறையில் நான் மாட்டிக்கொண்டது அந்தச் சமயத்தில்தான். ஆடி முடிந்து ஆவணி பிறந்திருந்தது. வெள்ளிக்கிழமை. கிழமை எப்படி நினைவிருக்கிறது என்றால், அதற்குக் காரணம் பின்னால் வரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் பாதிப் பேருக்குப் புரியாது என்று புத்தகத் தமிழுக்கு மாற்றிக்கொள்கிறாள். சரி, உன் இஷ்டம் என்று விட்டுவிட்டேன். ஆட்கள் பேசிக்கொண்டதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

அன்றைக்கு விடியும்போதே அவிநாசியிலிருந்து போன் வந்துவிட்டது. என் அக்கா போய்விட்டாள். எனக்குக் கூடப்பிறந்தது அவள் ஒருத்திதான். மகளும் மருமகனும் ஆறு மணிக்கே கிளம்பினார்கள். “அப்பா, எந்திரிங், வேட்டியக் கட்டுங்” என்று மகள் மூன்று தடவை சொன்னாள். நான் சோபாவில் உட்கார்ந்து டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிவி அணைந்திருந்தது. “நான் வரலை” என்றேன். மகள் பையை எடுத்துக்கொண்டாள். மத்தியானம் காலேஜில் ஏதோ ரெக்கார்டு நோட்டு கொடுக்க வேண்டியிருந்த பேத்தியை எனக்குத் துணைக்கு விட்டுவிட்டுப் போனாள்.

எனக்கும் அக்காவுக்கும் பன்னிரண்டு வருஷமாகப் பேச்சில்லை. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். ஒரு நாற்காலி.

அக்கா மகளுக்கு அவிநாசியில் கல்யாணம். நான் தாய்மாமன். அப்போது அறுபது தாண்டியும் வேலையை விடாமல் பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு பவுண்டரியில் மோல்டராக இருந்தேன். பம்ப் செட்டுக்கு மண்ணில் அச்சுக் கட்டி, உருகின இரும்பை ஊற்றுகிற வேலை. கல்யாணத்தன்று லீவு சொல்லியிருந்தேன். முதல் நாள் ராத்திரி ஊற்ற வேண்டியது கரண்ட் இல்லாமல் காலைக்குத் தள்ளிப்போய்விட்டது. உலையில் இரும்பு உருகிவிட்டால் எந்தக் கல்யாணமும் அதற்குத் தெரியாது. ஊற்றித்தான் ஆக வேண்டும். ஊற்றிவிட்டு, முகத்துக் கரியைக் கழுவிக்கொண்டு, இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் முன்வரிசையில் மாமனுக்கு என்று வைத்திருந்த நாற்காலியில் மாப்பிள்ளை வீட்டுக்காரர் ஒருவர் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மீசை. நான் வாசலோடு திரும்பிவிட்டேன். அக்கா பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரோடு வரைக்கும் ஓடிவந்தாள்.

“டேய் தம்பி, உனக்குத்தாண்டா துண்டு போட்டு வெச்சிருந்தேன். அந்த மனுசன் அதை எடுத்து அக்கட்டால வெச்சுப்போட்டு உக்காந்துக்கிட்டாரு. சம்பந்தி ஊட்டு ஆளு. நான் என்ன பண்றது?”

“துண்டு போட்டா எடம் ஆயிருமா?”

“ஆவாதா பின்ன?”

“ஆளு உக்காந்தாத்தான் எடம். துண்டெல்லாம் எடமில்ல.”

அதுதான் நான் அவளிடம் கடைசியாகப் பேசினது. அப்புறம் அவள் ஆள் அனுப்பினாள், போன் செய்தாள், பொங்கலுக்குப் பொங்கல் பலகாரம் கொடுத்துவிட்டாள். நான் அசையவில்லை. இத்தனைக்கும் எனக்குக் கோபம் மூன்றாம் மாசமே தீர்ந்துபோயிருந்தது. தீர்ந்த பிறகும் ஏன் போகவில்லை என்றால், அது எனக்கே சொல்லத் தெரியாது. நடுவில் ஒன்றுமே இல்லை. ஆனால் போக முடியவில்லை.

பத்து மணிக்கு அக்காவின் மகன் கூப்பிட்டான். பேத்தி போனை என் காதில் வைத்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் இறந்துவிட்டால் அவள் பிறந்த வீட்டிலிருந்து புதுச் சேலை வர வேண்டும். கோடி என்போம். அண்ணனோ தம்பியோ அதைக் கொண்டுவந்து போர்த்தின பிறகுதான் எடுப்பார்கள்.

“மாமா, உங்களைக் கட்டாயப்படுத்தலீங்க. மூணு மணி வரைக்கும் பாக்கறமுங்க. அதுக்கு மேல தாங்காதுங்க. நீங்க வல்லீன்னா உங்க பங்காளி ஊட்டுப் பெரியவரு கோடியப் போட்டுடறேங்கறாருங்க. அவரு சேலையோட வந்து உக்காந்திருக்காருங்க.”

போனை வைத்துவிட்டு ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தேன். பங்காளி உட்கார்ந்திருக்கிறான். மறுபடியும் என் இடத்தில் இன்னொருத்தன்.

“ஏங்கண்ணு, கீழ துணிக்கடை தொறந்திருப்பானா?” என்றேன்.

பேத்தி செருப்பை மாட்டினாள். சேலையோடு அவள் திரும்பி வந்ததும், “கார் பிடி, குளிச்சுப்போட்டு வாரேன்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மணி பதினொன்று இருக்கும்.

குளித்து, வேட்டி கட்டி, கதவைத் திறக்கப் போனால் வரவில்லை. உருண்டைக் கைப்பிடி, நடுவில் ஒரு பொத்தான், அமுக்கினால் பூட்டிக்கொள்கிற மாதிரி. கைப்பிடி சுற்றுகிறது, நாக்கு உள்ளே போக மாட்டேன் என்கிறது. பத்துத் தடவை சுற்றினேன். இருபது தடவை சுற்றினேன். கடைசியில் அது தண்ணீர் இறைக்காத பம்ப் மாதிரி சும்மா சுற்ற ஆரம்பித்துவிட்டது.

“கண்ணு, கதவு வரமாட்டீங்குது.”

“தள்ளுங்க அப்புச்சி.”

“தள்ளறதில்ல சாமி, இது உள்பக்கம் இழுக்கற கதவு.”

பேத்தி வெளியிலிருந்து ஆட்டிப் பார்த்தாள். ஸ்கேலைச் செருகிப் பார்த்தாள். ஸ்கேல் ஒடிந்தது. கீழே போய் வாட்ச்மேனைக் கூட்டிவந்தாள். அவர் ஓடிவந்து தோளால் ஒரு இடி இடித்தார். பிளாஸ்டிக் கதவு என் மூக்கு வரைக்கும் வளைந்து வந்து திரும்பிப் போனது.

“பெரியவரே, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க, ஒடச்சுடறேன்.”

“ஒதுங்கறதுக்கு எங்கப்பா எடம்? பின்னால கக்கூஸ், இந்தப்பக்கம் பக்கெட்டு.”

என் இடுப்பில் ஏற்கெனவே ஒரு பிளேட் வைத்திருக்கிறார்கள். கதவு என் மேல் விழுந்தால் அவிநாசியில் ஒன்று, இங்கே ஒன்று ஆகிவிடும் என்று பேத்தி அவரைத் தடுத்துவிட்டாள். வாட்ச்மேன் ஒரு தச்சரின் நம்பரைக் கொடுத்தார். உக்கடம் பக்கத்து பாய். இந்த அப்பார்ட்மென்ட்டில் பாதிக் கதவு அவர் மாட்டினதுதான். பேத்தி ஸ்பீக்கரில் போட்டாள்.

“ஜும்மாவுக்குக் கெளம்பிட்டேன்மா. தொழுகை முடிஞ்சதும் ஒன்றரைக்கு நானே கூப்புடறேன். பெரியவருக்கு மூச்சு முட்டலையே? ஃபேன் ஓடுதா? அப்பச் சரி. பயப்படாம இருக்கச் சொல்லுமா.”

வெள்ளிக்கிழமை என்றேனே, அது இதனால்தான்.

இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டாள். ஒருவர் திருப்பூரில் இருந்தார். ஒருவர் எடுக்கவில்லை. ஆக ஒன்றரை மணி வரைக்கும் நான் உள்ளே, அவள் வெளியே.

நான் அடைபட்டுப் பழகாதவன் இல்லை. பவுண்டரியில் உலை ஆறின பிறகு அதற்குள்ளே இறங்கி, சுவரில் பெயர்ந்த இடங்களுக்கு மண் பூசுவோம். தோள் இரண்டும் உரசும். ஆனால் தலைக்கு மேலே வட்டமாக வானம் தெரியும். காக்கா போகும். குளியலறையில் தலைக்கு மேலே வெள்ளைப் பலகை, அதில் ஒரு ஃபேன், கீசரில் ஒரு சிவப்புப் பொட்டு. மேல்வீட்டில் யாரோ கிரைண்டர் போட்டிருந்தார்கள். ஜன்னல் என்று இருப்பது கை நுழைகிற அளவு கண்ணாடிப் பட்டை. அதன் வழியாகப் பார்த்தால் பாலம் இல்லாத தூண் ஒன்று நின்றது. நான் பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்தேன். முழங்கால் கதவில் முட்டியது.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது மூச்சுக்கு இல்லை. மூணு மணிக்கு.

சும்மா உட்கார முடியாமல் கதவைத் தட்டினேன். கூப்பிடுவதற்காக இல்லை. பழக்கம். வார்த்த இரும்பை அச்சிலிருந்து எடுத்ததும் சுத்தியலால் ஒரு தட்டு தட்டுவோம். நல்ல வார்ப்பு கோயில் மணி மாதிரி பேசும். உள்ளே காற்று மாட்டிக் குழி விழுந்திருந்தால் மண்பானை மாதிரி மொத்தென்று கேட்கும். நாற்பது வருஷம் தட்டின காது. இந்தக் கதவு மேலே தட்டினாலும் கீழே தட்டினாலும் மொத்து மொத்தென்றது.

“ஏங்கண்ணு, இந்தக் கதவு உள்ளெல்லாம் வெத்து. அட்டைப்பொட்டி மாதிரி இருக்குது. இது என்னையப் புடிச்சு வெச்சிருக்குது பாரு.”

வெளியே அவள் தரையில் உட்காருகிற சத்தம் கேட்டது. பேச்சுக் கொடுத்தால் நான் பயப்பட மாட்டேன் என்று நினைத்திருப்பாள். நானும் அதையேதான் நினைத்தேன், அவள் பயப்படக் கூடாது என்று.

“அந்தக் கதவு மட்டுமில்லீங்க அப்புச்சி. எல்லாமே வெத்துதானுங்க.”

“எல்லாமேன்னா?”

“இரும்பு, கல்லு, நீங்க, நான். அணு அணுவாத்தான ஆயிருக்குது எல்லாம்? ஒரு அணு வ.உ.சி. மைதானம் அளவு இருக்குதுன்னு வெச்சுக்குங்க, அதுல கனமா இருக்கறது நடுவுல ஒரு கடுகு அளவுதானுங்க. மிச்சத்துல எலக்ட்ரான்தான். அதுக்குக் கனமே இல்லீன்னு சொல்லலாம்.”

அவள் பிசிக்ஸ் படிக்கிறாள். எம்.எஸ்ஸி.

“போ அம்மணி. வார்ப்பு இரும்பு வெத்தா? ஒரு பம்ப் பாடியத் தூக்கிப் பாத்திருக்கறயா நீயி? கால்ல ஒருக்கா போட்டுக்கிட்டேன். நகம் இன்னைக்கும் மொளைக்கலை.”

“கனம் அந்தக் கடுகுலதான் இருக்குதுங்க.”

“அட, கனத்த உடு. எல்லாம் வெத்துன்னா என்ற கை இந்தக் கதவுல பூந்து அந்தப்பக்கம் வரோணுமல்ல? நானே வெத்து, கதவும் வெத்து. ரெண்டு வெத்தும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பூந்து போறதுக்கு என்ன கேடு? நான் பாட்டுக்கு நடந்து வந்து கோடிச் சேலைய எடுத்துக்கிட்டுக் கெளம்பியிருப்பேன்.”

அவள் சிரித்தாள். “இதத்தான் எங்க சாரு முதல் கிளாஸ்ல கேட்டாருங்க. ஒருத்தருக்கும் பதில் தெரியல.”

“உனக்கு?”

“எனக்கும் தெரியல.”

“இப்பத் தெரியுமா?”

“கொஞ்சம் தெரியும். ரெண்டு காரணமுங்க. ஒண்ணு, உங்க கைல வெளிப்பக்கம் இருக்கறதும் எலக்ட்ரான், கதவுல வெளிப்பக்கம் இருக்கறதும் எலக்ட்ரான். ரெண்டும் ஒரே சாதி. காந்தத்துல ஒரே பக்கத்த நேருக்கு நேரா வெச்சா தள்ளுமில்லீங்களா, அந்த மாதிரி தள்ளும். நீங்க தொடறதா நெனைக்கறதே அந்தத் தள்ளறதுதான்.”

“அப்ப நான் இத்தன வருசமா எதையும் தொட்டதே இல்லையா?”

“அப்படியும் சொல்லலாமுங்க.”

நான் கதவின் மேல் கையை வைத்துப் பார்த்தேன். ஈரமாக, வழவழவென்று இருந்தது. தள்ளுகிற மாதிரி தெரியவில்லை.

“ரெண்டாவது என்ன?”

“அதுதான் முக்கியமுங்க. ஒரு எலக்ட்ரான் இருக்கற எடத்துல அதே மாதிரி இன்னொண்ணு இருக்க முடியாது. அது விதி. ஒரு எடத்துக்கு ரெண்டுதான். அந்த ரெண்டும் ஒண்ணு இப்படிச் சுத்துனா ஒண்ணு அப்படிச் சுத்தோணும். ஒரே பக்கம் திரும்பக் கூடாது.”

“என்னையும் எங்கக்காளையும் மாதிரி” என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

மேல்வீட்டுக் கிரைண்டர் நின்றிருந்தது.

“அப்புச்சி, தண்ணி குடிக்கறீங்களா? கதவுக்கடியில டம்ளர் நுழையாது. குழாய்ல புடிச்சுக் குடிச்சுக்குங்க.”

குடித்தேன். குடித்துவிட்டு முக்காலியில் உட்கார்ந்தபோது எனக்கு பஸ் நினைவு வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்டால் என் தோளில் கிடந்த துண்டிலிருந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அவிநாசித் தேர் பார்த்துவிட்டு ஊர் திரும்பும்போது பஸ் கிடைப்பது லேசில்லை. எனக்குப் பத்து வயசு, அக்காவுக்குப் பதினாலு. பஸ் ஸ்டாண்டுக்குள் திரும்புகிற வளைவிலேயே அக்கா பஸ்ஸோடு ஓடுவாள். என் தோளில் கிடக்கிற துண்டை உருவி, ஜன்னல் வழியாகச் சீட்டில் எறிவாள். குறி தப்பாது. ஓடுகிற பஸ்ஸில் கம்பிக்கு நடுவே எறிவாள். பஸ் நிற்கும்போது பார்த்தால் முப்பது சீட்டில் ஒரு ஆள் இருக்காது. ஒன்றில் துண்டு, ஒன்றில் குடை, ஒன்றில் கைக்குட்டை, ஒன்றில் யாரோ வாழைத்தார் போட்டிருப்பான். கூட்டம் முழுக்க ஏறி, நின்றுகொண்டே வரும். காலிச் சீட்டுக்குப் பக்கத்திலேயே கம்பியைப் பிடித்து நிற்பார்கள். யாராவது துண்டைத் தள்ளிவிட்டு உட்காரப் பார்த்தால் அக்கா சீறுவாள். “துண்டு கெடக்குது, கண்ணு தெரியலீங்களா? என்ற தம்பி வாரான்.” பெரிய பெரிய ஆட்களெல்லாம் எழுந்துவிடுவார்கள். நான் கடைசியில் மெதுவாக ஏறி உட்காருவேன்.

இதைப் பேத்தியிடம் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, “கண்ணு, நீ சொல்ற எலக்ட்ரானு இந்த பஸ் மாதிரியா?” என்று கேட்டேன். “பாத்தா வெத்து பஸ்ஸு. ஏறிப் பாத்தா எடமில்ல. எல்லாச் சீட்டுலயும் துண்டு கெடக்குது.”

அவள் கதவை அந்தப்பக்கம் படீரென்று ஒரு தட்டு தட்டினாள். “அப்புச்சி! எங்க சாருக்கே இப்படிச் சொல்ல வராது!”

“இரு, இன்னும் இருக்குது. சீட்டுல எடமில்லீன்னா என்ன பண்ணுவோம்? ஏணியப் புடிச்சு பஸ் டாப்புல ஏறுவோம். அதுக்கு வயசும் வலுவும் வேணும்.”

“அதேதாங்க! மேல எடம் இருக்குதுங்க. ஆனா ஏறறதுக்குச் சக்தி வேணும். உங்க கை தள்ளற தள்ளுல அந்தச் சக்தி வராது. அதனால ஏறவும் முடியாது, உக்காரவும் முடியாது. வெளியவே நிக்க வேண்டியதுதான்.”

“உள்ளயே நிக்க வேண்டியதுதான்னு சொல்லு” என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். உள்ளே சிரித்தால் சுவரில் பட்டுத் திரும்பி வருகிறது.

“ஒண்ணு மட்டும் வித்தியாசமுங்க” என்றாள் அவள். “துண்டு சீட்டுல ஒரு மூலைல கெடக்கும். மிச்சச் சீட்டு காலிதான். எலக்ட்ரான் அப்படி ஒரு மூலைல கெடக்கற புள்ளி இல்லீங்க. அது சீட்டு முழுக்கப் பரவி இருக்கும். அதனால அணு வெத்து வெத்துன்னு எல்லாரும் சொல்றாங்களே, அது அவ்வளவு சரியில்லீங்க. நானே மொதல்ல தப்பாத்தான் சொன்னேன். ஆளு தெரியறதில்ல, அவ்வளவுதான். எடம் நெறஞ்சுதான் இருக்குது.”

துண்டு போட்டா எடம் ஆயிருமா என்று நான் ரோட்டில் நின்று கேட்டேன். ஆவாதா பின்ன என்று அக்கா சொன்னாள். அவள் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவள். நான் அதுவும் இல்லை. அந்த நாற்காலியில் அன்றைக்கு வேறு ஒருவர் உட்கார்ந்திருந்தாரே தவிர, அது என் இடமாகத்தான் இருந்திருக்கிறது. இந்தக் கதவு மாதிரிதான் அதுவும். தட்டினால் வெற்று. ஆனால் பன்னிரண்டு வருஷம் என்னை ஒரு பக்கமாக நிறுத்தி வைத்துவிட்டது. கீசரின் சிவப்புப் பொட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மூக்கை உறிஞ்சினது வெளியே கேட்டிருக்கும். அவள் கேட்காத மாதிரி இருந்துவிட்டாள்.

ஒன்றரைக்குச் சொன்னபடி பாய் கூப்பிட்டார்.

“நான் வர்றதுக்கு முக்கால் மணி ஆகும்மா, லங்கா கார்னர்ல நிக்கிறேன். கதவு எந்தப்பக்கம் தொறக்கும்? உள்பக்கமா? அட, அப்பக் கீலு உள்பக்கம்தான இருக்கும்! பெரியவர்கிட்டத்தான் இருக்குது. அவர் என்ன வேலை பார்த்தாரு?”

“பவுண்டரிங்க.”

“அப்ப எதுக்கு நானு? கதவுக்கடியில ஒரு ஸ்க்ரூ டிரைவரத் தள்ளிவிடும்மா. மேல மூணு, கீழ மூணு, ஆறு ஸ்க்ரூ. அவரே கழட்டிருவாரு.”

இரண்டரை மணி நேரம் என் கண்ணுக்கு முன்னால் இருந்தது அந்தக் கீல். கதவு, பூட்டு, பூட்டு என்று பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷம் இரும்பைத் தட்டிப் பார்த்த ஆள், எதிரில் இருக்கிற ஆறு திருகாணியைப் பார்க்கவில்லை. இதைப் பேத்தி எழுத வேண்டாம் என்றாள். எழுது என்றேன்.

ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடி தடிமனாக இருந்தது. கதவுக்கடியில் நுழையவில்லை. பேத்தி கீழே ஓடி அவள் வண்டியின் டூல்ஸ் பையைக் கொண்டுவந்தாள். அதில் கைப்பிடி தனியாக, கம்பி தனியாகக் கழலுகிற மாதிரி ஒன்று. கம்பியை மட்டும் தள்ளிவிட்டாள். வெறும் கம்பி, விரல் தடிமன்கூட இல்லை. அதை வைத்துத் துருப்பிடித்த திருகாணியைத் திருகினால் கை வழுக்குகிறது. ஈரக் கை வேறு.

தோளிலிருந்து துண்டை எடுத்து, கம்பியில் நாலு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்தேன். பிடி நின்றது.

கீழ்க்கீல் மூன்றும் குனிந்து, இல்லை, தரையில் உட்கார்ந்து கழற்றினேன். வேட்டி நனைந்தது. மேலே முக்காலியில் ஏறாமல் எட்டாது. “ஏறாதீங்க அப்புச்சி, பாய் வரட்டும்” என்று அவள் கத்தினாள். ஏறினேன். இரண்டு வந்துவிட்டது. கடைசி ஒன்று தலை தேய்ந்துபோய் வரமாட்டேன் என்றது. அதோடு எவ்வளவு நேரம் மல்லுக்கட்டினேன் என்று தெரியாது. “அக்கா, இரு, வாரேன்” என்று சொல்லிக்கொண்டே திருகினேனாம். பேத்தி பிறகு சொன்னாள். அது முனகிக்கொண்டு வந்தது. கதவு கீல்பக்கம் தொங்கி வழி விட்டது. பக்கவாட்டில் உடம்பைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்தேன். மணி இரண்டு ஐந்து.

காரில் ஏறி அவிநாசி ரோட்டுக்கு வந்தால் வண்டி நகரவில்லை. தூணுக்குத் தூண் தகரம் அடைத்து வைத்திருந்தார்கள். மறுபடியும் ஒரு பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு வெளியே பஸ், பஸ்ஸுக்கு வெளியே லாரி. டிரைவர் பையன் ஹாரனை அமுக்கிக்கொண்டே இருந்தான். “ஏந்தம்பி, அவங்களும் போறதுக்குத்தான நிக்கறாங்க” என்றேன். மடியில் சேலைப் பை. கருமத்தம்பட்டி தாண்டும்போது மணி மூணு. நான் பேத்தியைப் பார்க்கவில்லை. அவள் போனைக் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

போய்ச் சேரும்போது மூணு இருபத்தைந்து. சந்து முழுக்கக் கூட்டம். பந்தல் போட்டிருந்தார்கள். சேலையோடு வந்திருந்த பங்காளி ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தார். அக்காவைக் கூடத்தில் வைத்திருந்தார்கள். இன்னும் எடுக்கவில்லை.

அக்கா மகன் வந்து என் கையைப் பிடித்தான்.

“மூணு மணின்னியேடா” என்றேன்.

“அது சும்மா சொன்னதுங்க மாமா. அப்படிச் சொன்னாத்தான் நீங்க வருவீங்கன்னு. நீங்க வராம அம்மா கெளம்புவாங்களா?”

பங்காளியும் பக்கத்தில் வந்தார். “வந்துட்டயா? நல்லவேளை. நான் சேலையக் கைல வெச்சுக்கிட்டு நின்னே காலு வீங்கிப்போச்சு” என்றார்.

“உக்காந்திருக்கலாமல்ல?”

“எங்க உக்கார்றது?” என்று கண்ணைக் காட்டினார்.

அக்காவின் தலைமாட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மடித்துப் போட்ட ஒரு துண்டு. கூடத்திலும் வாசலிலும் வயசானவர்கள்கூடக் காலை மாற்றி மாற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அந்த நாற்காலியில் மட்டும் ஒருவரும் உட்காரவில்லை.

“யாரு போட்டது?” என்றேன்.

“நாந்தானுங்க” என்றான் அக்கா மகன். “அம்மா இருந்தா போட்டிருப்பாங்க. ஊட்ல எந்த விசேசம்னாலும் மொதல்ல ஒரு சேர்ல துண்டப் போட்டுருவாங்க மாமா. என்ற புள்ளைக்குக் காது குத்தும்போது, கெரகப்பிரவேசத்துக்கு, எல்லாத்துக்கும். ஏம்மா இந்தக் கூட்டத்துல ஒரு சேரை வீணாக்கறன்னா, என்ற தம்பி வாரான்னு சொல்லுவாங்க.”

பேத்தி என்னைப் பார்த்தாள். படித்த பிள்ளை.

கோடியைப் பிரித்துப் போர்த்தினேன். போர்த்திவிட்டு அக்காவின் கையைப் பிடித்தேன். தொடுவது என்று ஒன்று கிடையாது, தள்ளுவதுதான் என்று மத்தியானம் கேட்டிருந்தேன். இருக்கலாம். படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அன்றைக்கு அந்தக் கை என்னைத் தள்ளவில்லை. பிறகு நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்தேன். எடுக்கும் வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இதெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அன்றைக்குக் கல்யாண மண்டபத்தில் என் துண்டை எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்தாரே, வெள்ளைச் சட்டை மீசைக்காரர், அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. பல்லடம் பக்கம் என்கிறார்கள். மாப்பிள்ளைக்குத் தூரத்துச் சொந்தமாம். அவருக்குக் கால்வலி இருந்திருக்கலாம், துண்டைப் பார்க்காமலே உட்கார்ந்திருக்கலாம். அவர் பேரில் ஒரு அக்காவும் தம்பியும் பேசாமல் இருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது. பிற்பாடு யாராவது சொல்லி, மனசு சங்கடப்பட்டிருந்தாலும் சங்கடப்பட்டிருப்பார். இதைக் கேட்டவர்கள் அந்தப் பக்கம் போனால், அவரைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால், பெரியநாயக்கன்பாளையத்து மோல்டருக்கு அவர் மேல் ஒரு வருத்தமும் இல்லை, தப்பு தன் பேரில்தான் என்று அவன் சொல்லிவிட்டான் என்று அவர் காதில் போட்டுவிடுங்கள்.